ஆறுகளுக்குப் பொறுப்பானவர்

போன மாதம் என் கணினிக்கு ஒரு படம் வந்தது. பழுப்பேறிய பெரிய பதிவேடு ஒன்றின் ஒரு பக்கம். அதிலிருந்த கோடுகள் நான் அளவுகோல் வைத்துப் போட்டவை, எழுத்தும் என்னுடையதுதான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தைப் பார்த்ததும், இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவளா நான் என்று எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. பிறகுதான் இடது ஓரத்தைக் கவனித்தேன். சில வரிகளின் பக்கத்தில் மட்டும், கடுகைவிடச் சிறியதாக ஒவ்வொரு பென்சில் புள்ளி. படத்தை அனுப்பியவள், நான் ஒருகாலத்தில் வேலை பார்த்த ஜெர்மன் அருங்காட்சியகத்தின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் ஓர் இளம்பெண். என் முகவரியை எங்கேயோ தேடிப் பிடித்து, மிகவும் மரியாதையான ஜெர்மனில் எழுதியிருந்தாள். ஆற்று மீன் பதிவுகளில் முப்பத்தெட்டு வரிகளுக்கு இப்படிப் புள்ளி இருக்கிறதாம். இது ஏதாவது குறியா, அல்லது ஈயின் எச்சமா? எச்சம் என்றால் விட்டுவிடலாம், குறி என்றால் அதன் பொருளையும் பதிய வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீரும் வந்துவிட்டது. காப்பி கொண்டுவந்த மருமகள் பயந்துபோய் என்ன அத்தை என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு அண்ணனை ஈ என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ரைன் நதிக்கரையில் உள்ள ஒரு நகரத்தின் அருங்காட்சியகத்தில் மீன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் பெயர் வேண்டாம். தூத்துக்குடியில் பிறந்து, சென்னையில் விலங்கியல் படித்து, உதவித்தொகையில் ஜெர்மனிக்கு வந்தவள். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு வருட ஒப்பந்தம். அதில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். தேறினால் வேலையும் வீசாவும் தொடரும். தேறாவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். ஊரில் என் மாமன் மகன் காத்திருந்தான். அவனோடு ஒப்பிட்டால் சாராயத்தில் ஊறிய மீன்கள் எவ்வளவோ மேல் என்பது என் தீர்மானமான கருத்து. ஆகவே அந்த ஆறு மாதத்தில் ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

எனக்குக் கொடுத்த வேலை ஒரே ஒரு குடும்பத்து மீன்களை மறுபதிவு செய்வது. வட அமெரிக்க ஆறுகளில் வாழும் மீன் அது. வாய் முகத்தின் முன்னால் இல்லாமல் அடியில் இருக்கும். தடித்த உதட்டை ஆற்றின் அடியில் வைத்து மண்ணோடு உறிஞ்சி, புழு பூச்சியை விழுங்கிவிட்டு மண்ணைத் துப்பும். தமிழில் அதற்குப் பெயர் கிடையாது. கடல் மீன் தின்று வளர்ந்த எங்கள் வீட்டில் ஆற்று மீனை மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் அந்த நகரத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு மருந்துக்கடைக்காரர், போன இடத்திலெல்லாம் இந்த மீனைப் பிடித்து, பீப்பாயில் சாராயம் ஊற்றி, சொந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு வேறு வேலை இல்லையா என்று நான் பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். சுமார் இருநூறு கண்ணாடி ஜாடிகள். போர்க்காலத்தில் ஜாடிகளை ஒரு பீர் நிலவறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். பதிவேடு மட்டும் அலுவலக அறையோடு எரிந்துபோனது. ஆகவே ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் மீனோடு மீனாக மிதக்கும் ஒரு துண்டுத் தாள்தான் அந்த மீனுக்கு மிச்சமிருந்த ஒரே சான்று. எந்த ஆறு, எந்த நாள், யார் பிடித்தது என்ற மூன்றும் அதில் இருக்கும். அருங்காட்சியகக்காரர்களுக்கு இதில் பெரிய பிடிவாதம் உண்டு. ஆறு தெரிந்த மீன்தான் அவர்களுக்கு மீன், ஆறு தெரியாவிட்டால் அது வெறும் சாராயத்தில் செத்த சதை.

ஜாடிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் அந்த நிலத்தடிக் கிடங்கில் நீல மேலங்கியும் கையில் புனலுமாக வந்து நின்ற மனிதர், "நீங்கள் தமிழோ?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். எஞ்சினியரிங் படிக்க வந்து, கொண்டுவந்த சான்றிதழ் செல்லாது என்று பல்கலைக்கழகம் திருப்பிவிட, தற்காலிகமாக இந்த வேலையில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். ஜெர்மன்காரர்களுக்கு அவருடைய பெயர் வாயில் நுழையவில்லை. முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

சாராயம் ஆவியாகிக் குறையும் என்பதால் ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு ஜாடியையும் எடுத்து, துடைத்து, மூடி திறந்து, குறைந்த அளவை ஊற்ற வேண்டும். அதுதான் அண்ணையின் வேலை. அதைச் செய்யும்போது ஜாடிக்குள்ளிருக்கும் தாளைப் பார்த்து ஆற்றின் பெயரைச் சத்தமாகச் சொல்வார். வாபாஷ் என்பார், துடைப்பார், வைப்பார். மிசூரி என்பார், துடைப்பார், வைப்பார். முதல் வாரம் இதைக் கேட்டு, மனிதர் தனியாக இருந்து இருந்து கொஞ்சம் கழன்றுவிட்டார்போல என்று நினைத்தேன். கேட்டபோது வெட்கப்படாமல் சொன்னார்.

"எங்கட ஊரிலை ஆறே இல்லை, தெரியுமோ? வழுக்கியாறெண்டு ஒண்டு இருக்கு. மழை பெய்தா ஆறு, வெயில் எறிச்சா மாடு கட்டுற இடம். கிணத்துத் தண்ணியிலை வளந்தவன் நான். இஞ்சை வந்தா, ஒரு அறைக்குள்ளை இவ்வளவு ஆறு. பேரைச் சொல்லாமல் எப்பிடித் துடைக்கிறது?"

அந்த மீனுக்கு அவர் வைத்திருந்த பெயர் சூப்பி. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் ரப்பரை யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்களாம். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது, பெரிய நிறுவனம் ஒன்றில் ஆறுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன் என்று ஒருமுறை எழுதிவிட்டார். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்ல, நீர்ப்பாசன இலாகாவில் எஞ்சினியர் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. திருத்தி எழுத வேண்டியதுதானே என்றேன். "எழுதலாம். எழுதினா அம்மா வெளியிலை தலைகாட்ட ஏலாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அன்று அவர் துடைத்த ஜாடிகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பளபளத்தன.

முதல் நாளே அவர் என் மேசையில் சீவிய பென்சில் மூன்றும் தடித்த தாள் துண்டுகளும் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதுகலை படித்து முடித்தவளுக்குப் பென்சிலா? எங்கள் பக்கத்தில் பென்சில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். பேனா பிடித்தவன்தான் பெரியவன். மூன்றையும் இழுப்பறையில் போட்டுவிட்டு, பெரிய கடைத்தெருவில் வாங்கிய என் பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன். சென்னையில் எங்கள் கல்லூரியில் மீன்கள் ஃபார்மலினில் கிடந்தன. அதில் இந்த வகைப் பேனா எழுத்து அசையாது என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாரம் அண்ணை ஏதோ சொல்ல வந்தபோதும், "நான் பாத்துக்கிறேன் அண்ணை, இதெல்லாம் படிச்சிட்டுத்தானே வந்திருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிரிவுத் தலைவர் அப்போது உடம்பு சரியில்லாமல் ஆறு வாரம் மலைப்பக்கத்து மருத்துவ இல்லத்துக்குப் போயிருந்தார். என்னைக் கேட்க ஆளில்லை.

நான் செய்த வேலையின் வரிசையைச் சொன்னால் அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். முதலில் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால், முதலில் அழகான புதுத் தாள்களை எழுதி ஜாடிக்குள் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அவற்றைப் பார்த்து ஒரே மூச்சில் பதிவேட்டை நிரப்பலாம் என்று திட்டம். பழைய தாள்கள் தொட்டால் உதிர்ந்தன. அப்பளத்தூள் மாதிரி இருந்த அவற்றைக் குப்பைக்கூடையில் போட்டேன். எவ்வளவு நைந்தாலும் பழைய தாள் ஜாடியைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. எல்லோருக்கும் தெரிந்ததாலேயே அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. குப்பை, கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்கு எரியப் போயிற்று. நாற்பத்துமூன்று ஜாடிகளை அப்படி முடித்து, கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று உயர வரிசையில், விளக்கு வெளிச்சம் சரியாக எட்டாத வேறொரு அலமாரியில் அடுக்கியும் வைத்தேன். மீதி ஜாடிகளுக்குத் தாள் வரட்டும் என்று சில வாரம் வேறு வேலை பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மேலே இருந்த சிறிய சன்னல் வழியாக வெயில் நேராக அந்த அலமாரியில் விழுந்தது. ஜாடிகளுக்குள் இருந்த தாள்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒன்றைத் திறந்தேன். தாளில் ஓர் எழுத்து இல்லை. சாராயம் இலேசான நீலமாக இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதற்குப் பிறகு எத்தனை திறந்தேன் என்று ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அண்ணையைத் தேடிப் போய், "ஸ்பிரிட்ல என்னத்த கலந்து வச்சிருக்கீங்க? லேபிள் அத்தனையும் வெள்ளையாப் போச்சு!" என்று கத்தினேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. வந்து ஜாடியை முகர்ந்து பார்த்தார். "நான் ஒண்டும் கலக்கேல்லை தங்கச்சி" என்றார். என் மேசையைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரு தாளில் கோடு கிழித்து, அதைச் சிறு கிண்ணத்துச் சாராயத்தில் போட்டார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கலங்கி நீலப் புகையாக மேலே எழுந்தது. "இழுப்பறையிலை பென்சில் வைச்சிருக்கிறீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் மேல் பழி போட்டதற்கா, வேலை போகப்போகிறது என்பதற்கா என்று கேட்டால், அப்போது வேலைக்குத்தான். பழி போட்டதற்கு அழுதது பல வருடம் கழித்து.

பேனா அழுத்திய தடமாவது தெரிகிறதா என்று தாள்களை விளக்கில் சாய்த்துப் பார்த்தோம். ஊறி உப்பிய தாளில் தடமும் இல்லை. நான்தானே நகலெடுத்தேன், ஞாபகம் இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நகலெடுக்கும் கை எதையும் படிப்பதில்லை. என் கவனமெல்லாம் எழுத்தின் வளைவில்தான் இருந்தது. இதில் இன்னொரு இடி. பத்து நாளில் தலைவர் திரும்புகிறார், கூடவே இந்த மீன்களைப் பார்ப்பதற்கென்றே ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வருகிறார். நாற்பத்துமூன்று மீன்களுக்கு ஆறு இல்லை என்று தெரிந்தால் என் சோதனைக் காலம் அன்றோடு முடியும். சாராயம் அண்ணையின் பொறுப்பு என்பதால் அவருடைய வேலைக்கும் உலை வைத்தாயிற்று.

"எனக்கு ஆறெல்லாம் தெரியும்" என்றார் அண்ணை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் நான் தொடாத ஜாடிகளில் இருபதை எடுத்து, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர் திணறினார். முதல் இரண்டும் தப்பு. பிறகு எழுந்துவிட்டார். "இருந்துகொண்டு சொல்ல ஏலாது. அதின்ரை இடத்திலை இருந்து தூக்கினாத்தான் வாயிலை வரும்." ஜாடிகளை அவற்றின் இடத்தில் வைத்து, மேலங்கியை மாட்டி, தோளில் துணியைப் போட்டு, கையில் புனலை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே போய்த் தாள்களை மறைத்துக்கொண்டே வந்தேன். அந்த இருபதில் பத்தொன்பதைச் சரியாகச் சொன்னார். தப்பிய ஒன்றுக்காக அரைமணி நேரம் தன்னையே திட்டிக்கொண்டார்.

பிரச்சினை என்னவென்றால், நாற்பத்துமூன்று ஜாடிகளையும் நான்தான் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி உயர வரிசையில் நிறுத்திவிட்டேனே! பழைய அலமாரியின் மரத்தில் ஒவ்வொரு ஜாடியின் அடிவட்டமும் பதிந்திருந்தது. போர் முடிந்து திரும்ப அடுக்கிய நாளிலிருந்து விழுந்த கறை. ஒவ்வொரு ஜாடியையும் எடுத்து, வட்டத்தோடு வட்டம் பொருத்தி, மூடியின் கீறலையும் கண்ணாடியின் குமிழியையும் பார்த்துப் பார்த்து, அவை முன்பு இருந்த இடத்தில் திரும்ப வைத்தோம். அதற்கே மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் காலை அண்ணை குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். சாதாரணமாக வேலைக்குப் பூசிக்கொண்டு வருவதில்லை. நானும் என் பங்குக்கு மாதாவை வேண்டிக்கொண்டேன். சாராயம் தேவைப்படாத ஜாடிகளைச் சாராயம் ஊற்றுவதுபோலவே எடுத்தார். துடைத்தார். கண்ணை மூடினார். "ஒஹையோ." வைத்தார். அடுத்தது. "சஸ்குவெஹானா." வைத்தார். இழுப்பறையிலிருந்து எடுத்த பென்சிலால் நான் எழுதிக்கொண்டே பின்னால் நடந்தேன். சில ஜாடிகளில் நின்றுவிடுவார். இரண்டு ஜாடி பின்னால் போய் மறுபடி ஆரம்பித்து, வேகம் பிடித்துக்கொண்டு வந்து, நின்ற இடத்தைத் தாண்டிவிடுவார். இதை மூன்று நாள், மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் ஒரே ஆறு வந்தால் மட்டும் எழுதுவது என்பது அவர் போட்ட நிபந்தனை. முப்பத்தெட்டு ஜாடிகளுக்கு ஆறு திரும்ப வந்தது. பிடித்த நாள் எதற்குமே வரவில்லை. அவர் நாளை வாசித்ததில்லை, ஆற்றை மட்டும்தான் வாசித்திருக்கிறார்.

ஐந்து ஜாடி மிஞ்சியது. எனக்குப் பேராசை. "அண்ணை, ரெண்டு தடவை மிசூரின்னு சொன்னீங்கல்ல, அதையே போட்டுருவோம். யாரு வந்து கேக்கப் போறா?" என்றேன். அதுவரை என் எல்லாக் கூத்துக்கும் ஒத்துழைத்த மனிதர் அப்போதுதான் முகம் மாறினார்.

"ஏலாது தங்கச்சி. எனக்குத் தெரியாத ஆத்துக்கு நான் எப்பிடி மீனை அனுப்புறது? தெரியாதெண்டு எழுதுங்கோ."

பதிவேட்டில் கடைசியாக ஒரு பத்தி உண்டு. இந்தத் தகவல் எப்படித் தெரிந்தது என்பதை எழுத வேண்டிய பத்தி. மற்ற ஜாடிகளுக்கெல்லாம் 'பழைய தாளிலிருந்து' என்று எழுதலாம். இந்த முப்பத்தெட்டுக்கு என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் அண்ணையின் முழுப்பெயரையும், அவர் நினைவிலிருந்து சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். எழுதினால் என் பேனா கதை முழுக்க வெளியே வரும். நான் மசியும் தொடுபேனாவுமாக உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பின்னால் வந்து நின்றார். "என்ரை பேரை எழுதினா உங்களுக்குத்தானே கரைச்சல். விடுங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால், அது உண்மையா என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. பத்தியைக் காலியாக விட்டேன். அம்மாவின் ஊருக்கு எஞ்சினியராக இருந்த ஒருவருக்கு, ஒரு ஜெர்மன் பதிவேட்டில் நிஜமாகவே ஆறுகளுக்குப் பொறுப்பாகப் பெயர் வரவிருந்தது. என் பயத்தில் அது வராமல் போயிற்று. மனம் கேட்காமல், அந்த முப்பத்தெட்டு வரிகளுக்கும் இடது ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி மட்டும் வைத்தேன்.

தலைவர் வந்தார், அமெரிக்கரும் வந்தார். நாள் ஏன் இல்லை என்று தலைவர் கேட்டார். பழைய தாள்களில் படிக்க முடியவில்லை என்று பொய் சொன்னேன். அமெரிக்கர் இரண்டு நாள் உட்கார்ந்து மீன்களின் உதட்டையும் செதிலையும் பார்த்தார். போகும்போது, 'ஆறு தெரியாது' என்று எழுதிய ஐந்து வரிகளைக் காட்டி, வேறு இடங்களில் இப்படிப்பட்டவற்றுக்கு எதையாவது எழுதி நிரப்பிவிடுவார்கள், நீங்கள் நேர்மையாக விட்டிருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டடி தள்ளி அண்ணை நின்று ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையை யாரும் குலுக்கவில்லை. அந்த வாரமே என் ஒப்பந்தம் உறுதியானது. நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை அழைத்துப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓரத்தைப் பார்த்தார்.

"இதென்ன, ஈ கீ இருந்ததோ?"

"அது நீங்கதான் அண்ணை."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. விரலால் தொடாமல், காற்றிலேயே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு சரியாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கிறன். எல்லா ஆத்தங்கரையிலையும் இருக்கிறன்" என்று சிரித்தார். மற்றபடி அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை. அன்றிலிருந்து அவர் ஊற்றி வைத்த என் காப்பியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடியது என்று எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

எழுபதுகள் முடிவதற்குள் நான் கல்யாணமாகி கார்ல்ஸ்ரூஹேக்கு வந்துவிட்டேன். மாமன் மகனோடு அல்ல. அண்ணையும் கல்யாணம் செய்துகொண்டு கெல்சென்கிர்ச்சனுக்குப் போய்விட்டார். பின்னால் ஊரிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொல்லியிருப்பார். பொங்கலுக்கு ஒரு கடிதம், கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் என்று போய்வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி அருங்காட்சியகத்துக்கு எழுதப்போகிறேன் என்று எழுத நினைப்பேன். எழுத மாட்டேன். பழைய வேலைக்கான பயம் போன பிறகு, நல்ல பெயருக்கான பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன்னால் அவர் காலமாகிவிட்டார்.

அந்த இளம்பெண்ணுக்கு நான் பதில் எழுத நான்கு நாள் ஆனது. பேனாவிலிருந்து ஆரம்பித்து, கொதிகலனுக்குப் போன தாள், நான் கத்தியது, தலைவரிடம் சொன்ன பொய் என்று எதையும் விடாமல் எழுதினேன். புள்ளி ஈ அல்ல, அது ஒரு மனிதர் என்று எழுதி, அவருடைய முழுப்பெயரை, அவர் தகப்பனாரின் பெயரோடு, எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுத்தேன். இந்த எண்பது வயதில் இனி என்னை யார் கப்பலேற்றப் போகிறார்கள்? ஒரு வாரத்தில் பதில் வந்தது. கோபம் இல்லை, அறிவுரையும் இல்லை. ஜெர்மன்காரர்களுக்கே உரிய சுருக்கம். முப்பத்தெட்டு பதிவுகளும் திருத்தப்பட்டன, பார்த்துச் சரி சொல்லவும். திறந்து பார்த்தேன். வாபாஷ் ஆறு. தகவல் எப்படித் தெரிந்தது: கிடங்கு உதவியாளரின் நினைவிலிருந்து. பக்கத்திலேயே அவர் பெயர், ஓர் எழுத்துகூடக் குறையாமல்.

அன்று மாலையே கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் அவருடைய மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு மருத்துவமனையில் வேலை. நான் திரையைப் பார்த்து ஆறுகளை வாசிக்க ஆரம்பித்தேன். ஒஹையோ, சஸ்குவெஹானா... மூன்றாவதற்குள் அவள் என்னை முந்திக்கொண்டாள். பிளாட், மிசூரி, வாபாஷ் என்று அலமாரி வரிசை மாறாமல், தடங்கலில்லாமல், அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"அப்பா எங்களை நித்திரையாக்க இதைத்தான் சொல்லுறவர் அன்ரி. நாங்கள் சின்னனிலை யாழ்ப்பாணத்திலைதான் இவ்வளவு ஆறும் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருந்தம். முதல் தரம் ஊருக்குப் போய், ஆறு எங்கையெண்டு கேட்டுச் சனம் எல்லாம் சிரிச்சது." அவளும் சிரித்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. "கடைசியிலை அஞ்சு தரம், தெரியாத ஆறு, தெரியாத ஆறு எண்டு சொல்லுவார். அதுக்குள்ளை நித்திரையாயிடுவம். அது என்னெண்டு அவர் ஒருநாளும் சொன்னதில்லை."

அந்த ஐந்து ஜாடிகளின் கதையை அவளுக்குச் சொன்னேன். பிறகு அவள் கேட்டபடி முப்பத்தெட்டுப் பதிவுகளையும் அவளுக்கு அனுப்பிவைத்தேன். அனுப்புவதற்கு முன் பழைய பதிவேட்டின் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து அப்படியே மசியில் கறுப்பாக நிற்கிறது. ஓரத்தில் பென்சில் புள்ளிகளும் நிற்கின்றன. சாராயத்தில் போட்டாலும் அழியாத பென்சில்தான் அது. அவர் சீவிக் கொடுத்தது.